டெண்ட் உட்கார்ந்திருந்த இடத்தில் என் மகள்

11 வருடமாகத் தனியாகத்தான் பைக்கில் கேம்பிங் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட் முழுக்க என் சாமான்தான். நீளமான வாட்டர்ப்ரூஃப் பை ஒன்றைக் குறுக்கே போட்டு, டெண்ட், ஸ்லீப்பிங் பேக், மேட் எல்லாவற்றையும் அதற்குள் திணித்து, இரண்டு பட்டையை இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குக் கை பழகியிருந்தது.

போன மாதம் மகளுக்கு 18 முடிந்தது. "அம்மா, இந்தத் தடவை நானும் வரேன்" என்றாள். எத்தனையோ வருடமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி பைக் பக்கத்தில் போய் நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. பின் சீட் இனி அவளுடையது. அதன்மேல் இருந்த சாமான் எங்கே போகும்? அதுவும் ஆளுக்கு ஒன்று என்று இரட்டிப்பாகிவிட்ட சாமான்?

இரண்டு வாரம் இதையே யோசித்தேன். கட்டினேன், பிரித்தேன், திரும்பக் கட்டினேன். இரண்டு பேராக, ஒரே பைக்கில், கூடாரத்தோடு கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பைக்கோடு வருகிற மேனுவலில் அது எவ்வளவு சுமை தாங்கும் என்று இருக்கும். சிலவற்றில் நேராகவே போட்டிருப்பார்கள். சிலவற்றில் சுமையோடு சேர்த்து அதிகபட்ச மொத்த எடை மட்டும் இருக்கும், அதிலிருந்து பைக்கின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். என்னுடையதில் 165 கிலோ. இது சாமானுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், நாம் பிறகு மாட்டிய இரும்பு எல்லாம் அந்த 165-க்குள்தான் அடங்க வேண்டும்.

நான் 61 கிலோ. ஹெல்மெட், பாதுகாப்பு ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு எடை மெஷினில் ஏறினால் 70. மகள் அதே மாதிரி ஏறியபோது 59. முன்னால் மாட்டியிருக்கும் கிராஷ் கார்டு 5 கிலோ, பக்கவாட்டுப் பைகளைத் தாங்கும் ஃப்ரேம் 4, காலிப் பைகளே 5. எல்லாம் கூட்டினால் 143. மிச்சம் 22 கிலோ. இரண்டு பேர் மூன்று ராத்திரி தங்குவதற்கான எல்லாமே, குடிக்கிற தண்ணீர் உட்பட, அந்த 22-க்குள் வர வேண்டும்.

ஹாலில் பழைய பெட்ஷீட்டை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற சின்ன தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. மகள் ஒவ்வொன்றாக நிறுத்தாள், நான் நோட்டில் எழுதினேன். மொத்தம் 31.4 கிலோ.

மடக்கு நாற்காலி இரண்டும் மேசையும் முதல் பத்து நிமிடத்திலேயே பெட்டிக்குத் திரும்பின. மூன்றும் சேர்ந்து 2.9 கிலோ. கைக்கோடாலி 1.3 கிலோ. அதை ஐந்து வருடமாகச் சுமந்திருக்கிறேன், இரண்டே தடவைதான் எடுத்திருக்கிறேன். இரண்டாவது பாத்திரமும் போனது. தார்ப்பாயை எடுத்துவைக்கத்தான் மனசு கஷ்டப்பட்டது. மழை வந்தால் அதன் கீழே உட்கார்ந்து அடுப்பு பற்றவைக்கலாம். டெண்டுக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. தீப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும் என்பது இன்னொரு பக்கம். கடைசியில், மழை வந்தால் அந்த வேளைக்குச் சமைக்காமலே சாப்பிடக்கூடியதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து, 1.2 கிலோ தார்ப்பாயையும் விட்டுவிட்டோம். இப்போது 25.1. கூடுதல் ஷூ, கூடுதல் ஜீன்ஸ் போனபிறகு 23.2.

கடைசி 1.2 கிலோவுக்குத்தான் ஒரு மணி நேரம் போனது. மகள்தான் வழி கண்டுபிடித்தாள். இருவருக்கும் தனித்தனியாக இருந்த டவல், சார்ஜர், டார்ச், பேஸ்ட், சோப்பு எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாக வரிசை வைத்து, ஒவ்வொன்றிலும் லேசானதை மட்டும் விட்டுவைத்தாள். "அம்மா, நீ தனியாகப் போற பழக்கத்துலயே எடுத்து வைக்கிற" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எடையைக் குறைக்க நான் சம்மதிக்கவில்லை. ஸ்லீப்பிங் பேக். மகளுக்காக லேசான பை ஒன்றைப் பார்த்தபோது லேபிளில் பெரிதாகப் போட்டிருந்த வெப்பநிலை நன்றாகத்தான் இருந்தது. ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண் கொடுப்பார்கள். பெரிதாகப் போட்டிருந்தது லிமிட் எண். சுருண்டு படுத்து எப்படியோ ராத்திரியை ஓட்டிவிடலாம் என்கிற எல்லை அது. நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்ட்ரீம் எண்ணை நம்பிப் பை வாங்கவே கூடாது, அது உயிர் பிழைப்பதற்கான கணக்கு. முதல் ராத்திரியே குளிரில் நடுங்கினால் அவள் மறுபடி வருவாளா? அதனால் 300 கிராம் கூடுதலாக இருந்தாலும் நல்ல பையையே எடுத்தோம்.

சரி, எடை 22-க்கு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று தனியாகத்தான் போனேன். பின் சீட்டுப் பைக்குப் பின்னால், கேரியரின் மேல், நாற்காலியையும் 5 லிட்டர் தண்ணீர் கேனையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருந்தேன். நேரான ரோடு. 90-ஐத் தாண்டியதும் ஹேண்டில் கையில் லேசாக நடுங்கியது. ரோடு சரியில்லை போல என்று நினைத்தேன். அடுத்த சில நொடியில் பைக் முழுவதும் இடமும் வலமுமாக அலைய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் கை தானாகவே பிரேக்கை அழுத்தவும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கவும்தான் போகும். இரண்டையும் செய்யக் கூடாது. ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்து, முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பை முன்பக்கம் சாய்த்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டேன். 70-க்கு வந்தபோது ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அப்படி ஆனது என்பதை அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பைக்கின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவே 140 சென்டிமீட்டர். கேரியர், பின் அச்சிலிருந்து 35 சென்டிமீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசா பலகை மாதிரிதான். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கிற எடை பின்பக்கத்தை அழுத்துவதோடு முன்பக்கத்தைத் தூக்கவும் செய்கிறது. கேரியரில் 8 கிலோ வைத்தால் பின் சக்கரத்தில் 10 கிலோ ஏறும், முன் சக்கரத்தில் 2 கிலோ குறையும். எண் சின்னதுதான். ஆனால் வளைப்பதும், பிரேக் பிடிப்பதில் பெரும்பகுதியும் முன் சக்கரத்தின் வேலை. அதற்குத் தரையில் அழுத்தம் வேண்டும். மேலும், நடுவிலிருந்து தள்ளியிருக்கிற எடை ஒரு தடவை ஆட ஆரம்பித்தால் லேசில் நிற்காது. தூரம் இரண்டு மடங்கானால், ஆட்டத்தை நிறுத்த ஆகும் முயற்சி நான்கு மடங்காகிறது. நீளக் கம்பின் நுனியில் வாளியைக் கட்டிச் சுழற்றிப் பார்த்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும்.

அதனால் கனமானதைக் கீழே, நடுவில், முடிந்தவரை முன்னால் வைக்க வேண்டும். தனியாகப் போகும்போது இது சுலபம். பின்னால் ஒருவர் உட்கார்ந்ததும் சிக்கலாகிறது. அவருடைய எடையே கிட்டத்தட்ட முழுதும் பின் அச்சுக்கு மேல்தான் இறங்குகிறது. அவர் கால் வைக்க இடம் வேண்டும் என்பதால் பக்கவாட்டுப் பைகளையும் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. பழைய ஏற்பாட்டில் என் பைகள் சீட்டை ஒட்டி, கிட்டத்தட்ட என் முழங்காலுக்குப் பின்னாலேயே தொங்கும். மகளை உட்காரவைத்துப் பார்த்தபோது பையின் முன்மூலை அவள் கெண்டைக்காலில் குத்தியது. 9 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். அந்த 9 சென்டிமீட்டரை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும்.

ஈடுகட்டியது கிராஷ் கார்டில்தான். இரண்டு பக்கமும் 5 லிட்டர் சின்னப் பைகளை மாட்டி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்றை அதில் வைத்தேன். 3 கிலோ முன் சக்கரத்தின் பக்கம் வந்துவிட்டது. பாட்டில் இன்ஜின் சூட்டில் வெதுவெதுப்பாகும், பரவாயில்லை. பை ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காமலும், இன்ஜினிலிருந்து வளைந்து வருகிற குழாயைத் தொடாமலும் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஸ்பேனர்கள், பஞ்சர் சாமான், உதிரி டியூப், காற்றுப் பம்ப் எல்லாம் சேர்ந்து 3.5 கிலோ. அது இடதுபக்கப் பையின் அடியில், முன்மூலையில். டெண்ட் வலதுபக்கப் பையில். டெண்டை அதன் உறையிலிருந்து எடுத்துவிட்டேன். துணியைத் தனியாக அமுக்கி வைத்தால் பைக்குள் கிடைத்த வடிவத்தில் அடங்கிக்கொள்ளும். கம்பிகள் தனி. டெண்ட் வாங்கும்போது எல்லோரும் எடையைப் பார்ப்பார்கள், மடக்கிய கம்பியின் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. என்னுடையது 40 சென்டிமீட்டர், பைக்குள் நீளவாக்கில் சரியாக உட்காருகிறது. 55 என்றால் வெளியேதான் கட்ட வேண்டும்.

இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு நுணுக்கம் உண்டு. சைலன்சர் இருக்கும் பக்கத்துப் பை அதற்கு இடம் விட்டு வெளியே தள்ளியிருக்கும். நடுவிலிருந்து தூரம் கூடுவதால் அதே எடை அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். எனக்கு வலதுபக்கம் சைலன்சர், அதனால் வலதுபக்கப் பை அரை கிலோ குறைவு.

சைலன்சரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. என் முதல் பை ஒன்றின் அடியில் உள்ளங்கை அளவு ஓட்டை விழுந்தது இதனால்தான். பையெல்லாம் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். சாதாரண நைலான் வகை ஒன்று 220 டிகிரியில் உருகிவிடும். நிற்கும்போது நிறைய இடைவெளி தெரியும். பள்ளத்தில் இறங்கும்போது பை தொங்கி ஆடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். துணிப் பை வைப்பவர்கள் தாங்குகிற ஃப்ரேம் போடுங்கள். செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேரியரில் இப்போது என்ன இருக்கிறது? இரண்டு ஸ்லீப்பிங் பேக், இரண்டு மேட். 3.4 கிலோ. பார்க்கப் பெரிய மூட்டை, தூக்கினால் ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு இதுதான் பொருத்தம். மகளுக்கு முதுகுச் சாய்மானமாகவும் ஆகிவிட்டது, அதை அவளே கண்டுபிடித்து ரொம்ப சந்தோஷப்பட்டாள். கேரியர் எவ்வளவு தாங்கும் என்பதையும் மேனுவலில் பாருங்கள், என்னுடையதில் 5 கிலோதான். முதுகில் மாட்டுகிற பையில் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமே என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டு மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். விழுந்தால், பைக்குள் இருக்கும் கெட்டியான சாமான் முதுகெலும்பில்தான் இறங்கும்.

கட்டுவதற்கு, இரண்டு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை நான் கைவிட்டு ரொம்ப நாளாகிறது. அது நீளும். நீளுகிற எதுவும் மேடு பள்ளத்தில் சாமானைக் குதிக்கவிடும். இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி கண்ணுக்குத்தான் வரும். நான் நீளாத பட்டையும், பல் வைத்துப் பிடிக்கிற பக்கிளும்தான் வைத்திருக்கிறேன். பட்டையை நேராக இழுத்துவிட்டால் காற்றில் விடாமல் உறுமும். மாட்டும்போது ஒரே ஒரு முறுக்குக் கொடுத்தால் சத்தம் நின்றுவிடும். மிச்சமிருக்கும் நுனியைச் சுருட்டி அடியில் செருகிவிட வேண்டும், இதில் சோம்பல் படவே கூடாது. தொங்குகிற நுனி செயினிலோ சக்கரத்திலோ சுற்றினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

வாட்டர்ப்ரூஃப் பைகளில், வாயைச் சுருட்டி மூடுகிற வகைக்குக் குறைந்தது மூன்று சுருட்டு வேண்டும். முட்டியால் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டுச் சுருட்டினால் அளவும் பாதியாகும். எந்தப் பை முதலில் வெளியே வரும் என்பதை வைத்துத்தான் அடுக்குவேன். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, பட்டையை அவிழ்க்காமலே உருவக்கூடிய இடத்தில். மழையில் இடம் போய்ச் சேர்ந்தால் முதலில் தேவை டெண்ட் மட்டும்தான், துணியும் ஸ்லீப்பிங் பேக்கும் அதுவரை மூடியே இருக்க வேண்டும். திரும்பி வரும்போது டெண்ட் ஈரமாக இருக்கும். அது தனிப் பையில் இல்லாவிட்டால் மற்ற எல்லாமும் ஈரமாகும்.

புதிதாகப் போகிறவர்களுக்குத் தெரியாத எதிரி அதிர்வு. ஒரு தடவை கேஸ் அடுப்பின் கால் பாத்திரத்தின் உள்பக்கத்தை நாள் முழுக்க உரசி, கரும்பொடி எல்லாவற்றின்மேலும் படிந்திருந்தது. இன்னொரு தடவை ஷாம்பூ பாட்டிலின் திருகுமூடி தானாகவே கழன்றிருந்தது. இரும்பும் இரும்பும் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் துணி வையுங்கள். சாக்ஸ் இருக்கிறதே, அதைவிட நல்ல திணிப்புப் பொருள் கிடையாது.

சாமான் ஏறியபிறகு பைக்கையும் சரிசெய்ய வேண்டும். பின் சக்கரத்தில் காற்று, தனியாகப் போனால் 32 பிஎஸ்ஐ, இரண்டு பேருக்கு 36 என்று என் மேனுவல் சொல்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். பின் சஸ்பென்ஷனில் மொத்தம் 180 மில்லிமீட்டர் அசைவு இருக்கிறது. சாமானோடு நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தபோது 80 இறங்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்குதான் இறங்க வேண்டும், அதாவது 60. கொக்கி ஸ்பேனரால் ஸ்பிரிங்கை இறுக்கி 62-க்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதையும் ராத்திரி சுவரில் அடித்துப் பார்த்து இறக்கினேன். ஆள் ஏறினால் செயினும் இறுகும், உட்கார்ந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

இதெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது மகளுக்கு ஒரு கதை சொன்னேன். 1934 டிசம்பரில் தெரேசா வாலக், ஃப்ளாரன்ஸ் ப்ளென்கிரன் என்ற இரண்டு பெண்கள் லண்டனிலிருந்து 600 சிசி பாந்தர் பைக்கில் கிளம்பி, சகாரா பாலைவனத்தைக் கடந்து, 1935 ஜூலையில் கேப் டவுன் போய்ச் சேர்ந்தார்கள். பைக்கோடு ஒரு சைட்காரும், பின்னால் ஒரு டிரெய்லரும் இழுத்துக்கொண்டு. "அப்போ அவங்க நாற்காலி கொண்டுபோயிருக்கலாம்" என்றாள் மகள்.

கிளம்புவதற்கு முதல் நாள் முழுச் சுமையோடு காலியான மைதானத்துக்குப் போனோம். எட்டு போட்டேன், மெதுவாகத் திரும்பினேன், 40-லிருந்து பிரேக் பிடித்தேன். நிற்க எடுத்துக்கொண்ட தூரம் தனியாக ஓட்டும்போது இருப்பதைவிடத் தெளிவாகவே அதிகம். மகள் ஹெல்மெட்டால் என் ஹெல்மெட்டை இரண்டு தடவை இடித்தாள். என்னைப் பிடிக்காமல் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள், வளைவில் என் தோளுக்கு மேலே வளைகிற பக்கம் பார், அது போதும் என்று சொன்னேன். நாலைந்து சுற்றில் பழகிவிட்டாள். சாமானில் எதுவும் அசையவில்லை. முன் சக்கரம் என் கைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அன்று இல்லாமல் போனது அதுதான்.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பினோம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஓட ஓடச் சாமான் அமுங்கும், பட்டை தளரும். அதனால் முதல் 20 கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தியே தீருவேன். நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறையை உருவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் ஏற்கனவே இறங்கி இடதுபக்கப் பட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு விரல் போகுதும்மா" என்றாள். பக்கிளைத் திறந்து, முட்டியைப் பையில் முட்டுக்கொடுத்து, இழுத்து மாட்டி, நுனியைச் சுருட்டி அடியில் செருகினாள். அப்புறம் வலதுபக்கம் போனாள்.